இரண்டு பட்டனுக்கு நடுவில்

நூற்றுக்கு நூறு வாங்கினால் யாருக்காவது பயம் வருமா? எனக்கு வந்தது. போன மாதம், ராஜகீழ்ப்பாக்கத்தில் டாக்டரம்மாவின் அறையில்.

அவர் தன் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். முழுக்கப் பச்சை. மூன்று மாதம், காலை மாலை இரண்டு வேளை, ஒரு கட்டம் விடாமல் பச்சை டிக்.

"பாருங்கம்மா. என் பேஷண்ட்ஸ்லயே நீங்கதான் ஃபர்ஸ்ட். ஒரு மாத்திரை கூட மிஸ் பண்ணல. ஆனா பிரஷர் மட்டும் இறங்கவே மாட்டேங்குது."

நான் புடவைத் தலைப்பின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"அப்போ இந்த டோஸ் உங்களுக்குப் பத்தலன்னு அர்த்தம். டபுள் பண்ணிடலாம். நாளைலேருந்து ஆரம்பிங்க."

எழுதினார். கிழித்தார். கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பச்சையில் பாதி பொய். அது எனக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை... சொன்னேனா? இல்லை. "வரேன் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஓயாமல் பேசுகிறவளா இப்படி என்று கேட்பீர்கள். இங்கே பேசுவது கை. வாய் வேறு. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்காது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் பெயர் கூப்பிடும்போது "உள்ளேன்" சொல்ல வெட்கப்பட்டு, வந்த நாளிலெல்லாம் ஆப்சென்ட் வாங்கியவள் நான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வெட்கம் முடியவில்லை. இப்போது எழுபத்தொன்று.

அப்போது வந்தும் ஆப்சென்ட். இப்போது போடாமலே பிரசென்ட்.

எப்படி வந்தது இந்தப் பொய்?

அந்த கிளினிக்குக்கு ஒரு ஆப் உண்டு. பொழிச்சலூரில் இருக்கும் என் பெண் மாலாதான் அதை என் போனில் போட்டுக் கொடுத்தாள். தமிழில்தான் இருக்கிறது. எழுத்தும் நல்ல பெரிசு. வேளைக்கு மணி அடிக்கும். 'மாத்திரை சாப்பிட்டீர்களா?' என்று கேட்கும். கீழே இரண்டு பட்டன். பச்சையில் டிக் போட்டு 'ஆம்'. சிவப்பில் பெருக்கல் குறி போட்டு 'இல்லை'. அவ்வளவுதான். குழந்தைகூடச் செய்துவிடும் என்றாள் மாலா.

குழந்தை செய்துவிடும்தான். குழந்தைக்கு வெட்கம் கிடையாதே.

முதல் வாரம் நான் யோக்கியமாகத்தான் இருந்தேன். ஒருநாள் காலை எட்டரைக்கு மணி அடித்தது. இன்னும் சாப்பிடவில்லை, அதனால் மாத்திரை போடவில்லை. 'இல்லை'யை அமுக்கினேன். உடனே போன் முழுக்கச் சிவப்பானது. ஒரு மூஞ்சி வந்து அழுதது. இரண்டு நிமிடத்தில் மாலாவின் போன். அவளுக்கும் தகவல் போய்விட்டதாம்.

"அம்மா, மாத்திரை போடலையா? என்ன ஆச்சு? மயக்கமா?"

"ஒண்ணும் இல்லடி. இன்னும் சாப்பிடல."

"எட்டரைக்கு மேல ஆயிடுச்சு, இன்னும் ஏன் சாப்பிடல? உனக்கு எத்தன தடவ சொல்றது..."

அவள் வீட்டுக்கு மேலேதான் விமானம் இறங்கும். சத்தம் வந்தால் பேச்சை நிறுத்துவாள். விமானம் போனதும், விட்ட இடத்திலிருந்து திட்டுவாள். அன்றைக்கு மூன்று விமானம் போனது.

அன்றைக்கே அதை 'ஆம்' என்று மாற்றிவிட்டேன். அதற்குப் பிறகு நான் 'இல்லை'யைத் தொடவே இல்லை.

டாக்டர் சீட்டில் 'சாப்பாட்டுக்குப் பின்' என்று முத்திரை குத்தியிருக்கும். நான் வேலையெல்லாம் முடித்து, குளித்து, விளக்கேற்றி, தட்டில் கை வைக்கப் பத்தரை ஆகும். மணி அடிப்பதோ எட்டரைக்கு. கையெல்லாம் ஈரம். நிறுத்தாவிட்டால் கத்திக்கொண்டே இருக்கும். எப்படியும் போடத்தானே போகிறோம் என்று 'ஆம்' அமுக்கிவிடுவேன். பத்தரைக்குச் சாப்பிட்டு எழுந்தபின் ஞாபகம் வந்தால் மாத்திரை உண்டு. வராவிட்டால் இல்லை. ஞாபகப்படுத்த வேண்டிய போனுக்குத்தான் நான் ஏற்கெனவே பதில் சொல்லி அனுப்பிவிட்டேனே.

இன்னொன்றும் இருக்கிறது. செவ்வாய், கிருத்திகை, சஷ்டி – எனக்கு விரதம். முப்பது வருடமாக. அன்று பகல் முழுக்க ஒரு டம்ளர் பால், ராத்திரி இரண்டு வாழைப்பழம். அது சாப்பாடு ஆகுமா? ஆகாது. சாப்பாடே இல்லாத நாளில் 'சாப்பாட்டுக்குப் பின்' ஏது? அதனால் அன்றைக்கு மாத்திரையும் விரதம்.

ஆனால் 'ஆம்' மட்டும் இரண்டு வேளையும் உண்டு. உண்மையைச் சொன்னால் மாலா முதலில் நிறுத்துவது என் விரதத்தைத்தான். டாக்டரும் அவள் பக்கம்தான் பேசுவார். அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டேன்.

அன்று டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் சரோஜா உட்கார்ந்திருந்தாள். இரும்புலியூரில் எனக்கு எதிர் வீடு. அவளுக்கும் பிரஷர், அவளுக்கும் இதே டாக்டர், இதே ஆப். இரண்டு பேரும் சேர்ந்துதான் வருவோம் – பஸ்ஸில் தாம்பரத்தில் இறங்கி, ஸ்டேஷனைக் கடந்து கிழக்குப் பக்கம் போய் ஷேர் ஆட்டோ. எனக்கும் சேர்த்து அவள் பேசுவாள். அவளுக்கும் சேர்த்து நான் கேட்டுக்கொள்வேன்.

"இன்னாக்கா, மூஞ்சி இப்டி கீது? இன்னா சொன்னாங்கோ?"

"டோஸ் ஏத்திட்டாங்க. டபுளாம்."

"டபுளா?" சரோஜா கன்னத்தில் கை வைத்தாள். "எங்க நாத்தனாருக்கு இப்டித்தான் மாத்திர ஜாஸ்தியாயி, பாத்ரூமுல தல சுத்தி வுழுந்துச்சி. இடுப்பு ஒடஞ்சி ஆறு மாசமா படுத்துக்கினு கீது. நீ பாத்து சாப்பிடுக்கா."

சீட்டை நாலாக மடித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். திரும்ப உள்ளே போய்ச் சொல்லிவிடலாமா? போகலாம்தான். கால் வரவில்லை.

அப்போதுதான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும். கழுத்தில் அட்டை. ஹாலின் மூலையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்தாள். மேசைமேல் ஒரு போன், ஒரு டம்ளர் தண்ணீர், பேப்பர் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புதினா மிட்டாய், ஒரு நோட்டு.

"பெரியவங்க யாராவது பத்து நிமிஷம் என்கூட உக்கார முடியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஹாலில் இருந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று மின்விசிறியைப் பார்க்கிற வேலை வந்துவிட்டது.

சரோஜா விடுவாளா? "இன்னாம்மா விக்கிற?"

"ஒண்ணும் விக்கல ஆன்ட்டி. என் பேரு ஷெரின். இந்த கிளினிக் ஆப்புக்கு டிசைனர்."

"டிசைனரா? எங்க தெருவுலயும் ஒண்ணு கீது. ஜாக்கெட்டுக்கு மணி கோத்து தரும்."

"கிட்டத்தட்ட அதே வேலைதான் ஆன்ட்டி. நான் பட்டன் வைக்கிறேன்."

சரோஜாவுக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. என் தோளைப் பிடித்து அந்த நாற்காலியில் தள்ளினாள். "எங்க அக்காவ வச்சிக்க. பத்திரிகையில எழுதறவங்கோ. பேச மாட்டாங்கோ. ஆனா நல்லா அமுக்குவாங்கோ."

எனக்கு அந்த இடத்திலேயே தரை பிளந்தால் தேவலை என்று இருந்தது.

ஷெரின் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதுவே எனக்குப் பாதி நிம்மதி. "நான் உங்க விரலை மட்டும்தான் பாப்பேன்மா. வீட்டுல எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. இந்த மிட்டாய்தான் மாத்திரைன்னு வெச்சுக்கோங்க. எங்கயாவது தப்பாச்சுன்னா அது என் தப்பு. உங்க தப்பு இல்ல."

எழுபத்தொரு வயதில் முதல் தடவையாக ஒருத்தர் பரீட்சைக்கு முன்னாலேயே இப்படிச் சொல்லிக் கேட்டேன்.

மணி அடித்தது. கேள்வி வந்தது. அமுக்கினேன் – 'ஆம்'. சுண்டு விரலால்.

"ஏம்மா இந்த விரல்?"

"மத்த விரலெல்லாம் பாத்திரம் தேச்சு வெடிச்சுக் கெடக்கு. போன் ஒத்துக்காது."

குனிந்து நோட்டில் எழுதினாள். இரண்டாம் தடவை மணி அடித்தது. 'ஆம்'. மூன்றாம் தடவை. 'ஆம்'.

அவள் இப்போது என் விரலைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள். மிட்டாய் எல்லாம் அப்படியே இருந்தது. தண்ணீரையும் நான் தொடவில்லை. மூன்று வேளை மாத்திரை 'சாப்பிட்டு' முடித்திருந்தேன்.

அகப்பட்டுக்கொண்டேன். இப்போது கேட்பாள். ஏன்மா பொய் சொல்றீங்க என்று. மாலா கேட்கிற மாதிரி, எல்லோரும் கேட்கிற மாதிரி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் கேட்கவில்லை.

நோட்டில் ஒரு தாளைக் கிழித்தாள். இரண்டு கட்டம் போட்டாள். ஒன்றில் ஆம், ஒன்றில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இடம் விட்டு, அங்கே காலியாக ஒரு கட்டம் போட்டாள். தாளை என் பக்கம் திருப்பி, பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"அம்மா, நடுவுல உங்களுக்குன்னு ஒரு பட்டன் வெச்சுத் தரேன். அதுல என்ன இருக்கணும்? நீங்களே எழுதுங்க. பேச வேணாம்."

பேச வேண்டாமாம். சரோஜா 'பேச மாட்டாங்கோ' என்றது விளையாட்டு இல்லை என்று இவளுக்கு எப்படித் தெரிந்தது? நான் அவளிடம் முழுசாகப் பத்து வார்த்தைதான் பேசியிருப்பேன். அந்தப் பத்திலேயே பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

கையில் பேனா வந்தால் நான் வேறு ஆள். உங்களுக்குத் தெரியும். எழுதினேன் –

இன்னும் சாப்பிடலை.

ஷெரின் தாளைத் தன் பக்கம் திருப்பிப் படித்தாள். "இதுதான் நிஜமான பதிலாம்மா?"

தலையாட்டினேன்.

"தினமுமா?"

"செவ்வாய்க்கிழமை... சாப்பாடே கிடையாது" என்றேன். எழுத்து முன்னால் போனால் பேச்சு பின்னாலேயே வந்துவிடும் போல. விரதம், பால், வாழைப்பழம், முத்திரை, மாலா, மூன்று விமானம் – எல்லாம் வந்துவிட்டது.

பின்னால் நின்ற சரோஜா என் முதுகில் ஒன்று வைத்தாள். "அட, நீயுமாக்கா?"

"என்ன நீயும்?"

"நான் அத்த நிறுத்தறதுக்குத்தான அமுக்கறதே. பேஜார் புடிச்ச மணி. மீனு கழுவிக்கினு இருப்பேன், கத்தும். போட்டாச்சி போன்னு மூக்கால ஒரு அமுக்கு அமுக்கிட்டு என் வேலைய பாப்பேன்."

"மூக்காலயா ஆன்ட்டி?"

"கையில கவுச்சி. பின்ன இன்னாத்தால அமுக்கறது?"

ஷெரின் சிரிக்கவில்லை. நோட்டில் 'மூக்கு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை.

அந்தத் தைரியத்தில் இன்னொன்றும் சொன்னேன். "அந்தச் சிவப்புப் பெருக்கல் குறி... நோட்டுல தப்பு போடற மாதிரி இருக்கும்மா. தெரிஞ்சே யாராவது அதைத் தொடுவாங்களா?"

அவள் பேனா நின்றுவிட்டது. "எங்கம்மா டீச்சர். சிவப்பு மையோடயே வளர்ந்தவ நான். அதனாலதான் எனக்கு அது கண்ணுலயே படல." நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். பிறகுதான் என் உள்ளங்கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட இதெல்லாம் சொன்னீங்களாம்மா?"

எனக்கும் சேர்த்து சரோஜா பேசினாள். "எங்க சொல்லும்? டபுள் டோசுன்னு வாங்கிக்கினு வந்துட்சி."

"நான் போய்ச் சொல்ல மாட்டேன்மா. அது நீங்க சொல்ல வேண்டியது" என்றாள் ஷெரின். குரலைத் தாழ்த்தி அடுத்ததைச் சொன்னாள். "நான் டாக்டரும் இல்ல. ஆனா அந்தச் சீட்டு, என் பட்டனை நம்பி எழுதினது. அது எனக்குத் தூக்கம் வராத விஷயம்."

தப்பு செய்தவள் நான். தூக்கம் போனது அவளுக்கு.

தாளை எடுத்துக்கொண்டு எழுந்தேன். சரோஜா கதவைத் தட்டினாள். தட்டினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. உள்ளே யாரோ செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவர் வெளியே வந்ததும் நான் போய் அந்தத் தாளையும் சீட்டையும் டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தேன். தாளில் மூன்று கட்டம். ஆம். நடுவில் நான் எழுதியது. இல்லை.

"என்னம்மா இது?"

"என் பதில் டாக்டர்."

படித்தார். கம்ப்யூட்டரின் பச்சையைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். "எத்தனை நாள் இப்படி?"

"பாதி நாள். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி விரதம்... சாப்பாடே கிடையாது டாக்டர்."

திட்டுவார் என்று நின்றேன். அவர் அந்தச் 'சாப்பாட்டுக்குப் பின்' முத்திரைக் கட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த மாத்திரைக்குச் சாப்பாடே அவசியம் இல்லம்மா. நாங்க எல்லாச் சீட்டுலயும் ஒரே சீல குத்திடறோம். விரதம் இருங்க, தண்ணி குடிங்க, பாலோட இதைப் போட்டுக்கோங்க." டபுள் டோஸ் சீட்டைக் குறுக்கே அடித்தார். "பழைய டோஸே. இருபது நாள் நிஜமா போட்டுட்டு வாங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்."

நான் மூன்று மாதம் பொய் சொல்லிக் காப்பாற்றிய விரதத்தை, உண்மை இரண்டே நிமிடத்தில் காப்பாற்றிவிட்டது. (இது அவர் எனக்குச் சொன்னது. உங்கள் மாத்திரைக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.)

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் சரோஜா தூங்கிவிட்டாள். நான் யோசித்துக்கொண்டே வந்தேன்.

வயதானவர்களுக்குச் சுலபமாகச் செய்கிறோம் என்றால் எல்லோரும் என்ன செய்கிறார்கள்? எழுத்தைப் பெரிசாக்குகிறார்கள். நல்லதுதான். என் கண்ணுக்கும் அது வேண்டும். ஆனால் எழுத்து பெரிசானால் கேள்வியைப் படிக்கலாம். பதில் சொல்ல முடியுமா? வெட்கப்படுகிறவள், பயப்படுகிறவள், கையில் மீன் நாற்றத்தோடு நிற்கிறவள் – இவர்கள் பதில் எங்கே போய் உட்காரும்?

கேள்வி கேட்க எல்லோருக்கும் வரும். பதிலுக்கு இடம் விட்டுக் கேட்க எத்தனை பேருக்கு வருகிறது? ஷெரின் படித்த படிப்பு என்னவென்று எனக்குத் தெரியாது. தட்டில் மீந்த மிட்டாயைப் பார்க்கவும், பார்த்த பின் 'ஏன்' என்று கேட்காமல் இருக்கவும் அந்தப் படிப்பில் சொல்லிக்கொடுத்திருந்தால், அது பெரிய படிப்பு. சொல்லிக்கொடுக்காமலே அவளுக்கு வந்திருந்தால், அவள் பெரிய மனுஷி.

மாலாவிடம் நானே சொல்லிவிட்டேன். நேரில் இல்லை – வாட்ஸ்அப்பில் எழுதித்தான். பதிலுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆரம்பத்தில் கொஞ்சம் திட்டு, நடுவில் ஒரு விமானம், கடைசியில், "சரி விடும்மா, பாலோட மாத்திரை போட்டியா?"

இருபது நாள் கழித்துப் போனோம். டாக்டரம்மா என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்தார். அடித்துவிட்டு இன்னொரு தடவை அடித்தார். எனக்கு உயிர் போய் வந்தது.

"இறங்கியிருக்கும்மா. பழைய டோஸே போதும்."

கம்ப்யூட்டரில் இந்தத் தடவை முழுப் பச்சை இல்லை. மறந்த நாளில் 'இல்லை'யை அமுக்கியிருந்தேன் – மூச்சைப் பிடித்துக்கொண்டு. அங்கங்கே நாலைந்து சிவப்பு. மார்க் குறைந்தது. பிரஷரும் குறைந்தது. மார்க் குறைந்து நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

போன செவ்வாய்க்கிழமை காலை போன் ஏதோ அப்டேட் கேட்டது. சரி என்றேன். எட்டரைக்கு மணி அடித்தது. சத்தம்கூட மாறியிருந்தது – கூப்பிடுகிற மாதிரி, அதட்டாமல். போனைப் பார்த்தேன்.

மூன்று பட்டன். டிக் இல்லை, பெருக்கல் குறி இல்லை. மூக்கால் அமுக்கினாலும் தப்பாத அளவுக்கு ஒவ்வொன்றும் தள்ளித் தள்ளி. நடுவில் மஞ்சள் நிறத்தில் –

இன்னும் சாப்பிடலை.

நான் எழுதினது. ஒரு எழுத்து மாற்றவில்லை. சுண்டு விரலால் தொட்டேன். போன் சிவக்கவில்லை. யாரும் அழவில்லை. 'சரிம்மா, ஒரு மணி நேரம் கழிச்சுக் கேக்கறேன்' என்று வந்தது. சொன்னபடி ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டது. அப்போது பால் குடித்து, மாத்திரை போட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தேன். 'ஆம்' என்றேன். நிஜமான ஆம்.

வாசலுக்கு வந்தால் எதிர் வீட்டில் சரோஜா போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "யக்கா, உன் எழுத்து என் போனுலயும் வந்துகினு கீது."

"படிச்சியா?"

"நீ பத்திரிகையில எழுதுனத நான் ஒருநாளும் படிச்சதில்ல. இத்த இனிமே தெனம் ரெண்டு வாட்டி அமுக்கணும். இன்னா கொடும பாரு."

நான் எழுதியதிலேயே சின்னது அதுதான். முதல் தடவையாக சரோஜா படித்ததும் அதுதான் – மூக்கால் என்றாலும்.